சின்னதொரைக்கு ஒரு பர்மிட்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படவரைஞர் வேலைக்குப் படித்தவள் நான். வரிசை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது.

1. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனார். அவருடைய ஆமை போகவில்லை.
2. ஆமை, தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு வந்தது.
3. வெளிநாட்டு ஆமை வளர்க்க பர்மிட் வேண்டும் என்றார்கள்.
4. பர்மிட் எடுக்க நான் போனேன்.
5. ஒரு பூட்டு வைத்திருப்பதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்களிடம் பூட்டே கிடையாது. (லயத்து அறையான அந்தக் காம்பராவில் பூட்டி வைக்க என்ன இருந்தது?)

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட எழுபதுகள் அவை. அப்பா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாச் சமையல்காரர். துரை புறப்படும்போது அப்பாவுக்கு பழைய கோட்டு ஒன்றையும், எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆமையையும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கோட்டை விசேஷ நாட்களுக்கு எடுத்து வைத்தார். ஆமையை முட்டைக்கோசு போட்டிருந்த கோவாப் பாத்தியில் விட்டார். அது ஒவ்வொரு கோவாவுக்கும் முன்னால் நின்று, குறை கண்டுபிடிப்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் நகரும். அதனால், வேலையில் குறை பார்க்க வரும் உதவித் துரையைப்போல, அதற்குச் சின்னதொரை என்று பெயர். குளிர் காலத்தில் அடுப்படியில் படுத்துக்கொள்ளும். அம்மா அதைத் தாண்டித் தாண்டித்தான் சமைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டாக்கு ஐயா வந்தார். மலையில் வேலையை மேற்பார்க்கிறவர். தோட்டத்தில் பேப்பர் படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு அவருக்கு.

"என்னா முத்துசாமி, இது வெளிநாட்டு ஆமையாச்சே. பர்மிட் இருக்கா?"

"தொரை குடுத்ததுங்கய்யா."

"தொரைதான் போயிட்டாரே. இப்ப கவர்மெண்டுதான் தொரை. ஒன் பிரஜாவுரிமை பேப்பரு இன்னும் கொழும்புல கெடக்கு. இந்த நேரத்துல கேஸு கீஸுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, நீயும் ஆமையும் சேந்தே கப்பலேற வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் இங்கே இருக்கலாம், கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்றிருந்த காலம். அப்பா பிறந்தது இந்த மலையில். இந்தியாவைக் கலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"ஆத்தோரமா விட்டுட்டு வந்துருங்களேன்," என்றாள் அம்மா.

"குளிருல செத்துப்போயிரும்டி."

"அப்ப பர்மிட் எடுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஹட்டனில் ஒரு நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் ஒருத்தி படித்துவிட்டால் எல்லாக் கியூவிலும் அவள்தான் நிற்க வேண்டும்.

நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நம்பியிருந்த வயது அது. ஆமையின் நீளம், அகலம், உயரம் எடுத்தேன். கடைத் தராசில் நிறுத்தேன்: பதினொரு இறாத்தல். மேல்தோற்றம், பக்கத்தோற்றம், முன்தோற்றம் மூன்றையும் கறுப்பு மையில் வரைந்தேன். அளவு நாடாவைக் கண்டதும் சின்னதொரை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பார்த்ததைத்தான் வரைய வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. ஆகவே முன்தோற்றத்தில் இருந்தது ஒரு வளைவு, நடுவில் ஒரு கறுத்த துவாரம். அவ்வளவுதான்.

அடுத்த பிழை என் சிங்களம். சிங்களத்தில் ஆமைக்கு 'இப்பா' என்று பெயர். தொங்கும் பூட்டுக்கும் அதே 'இப்பா'தான். (நாமும் ஆமைப்பூட்டு என்கிறோமே, அதே கதை.) எது என்பது வினையில் தெரியும்: உயிருள்ளது இருந்தால் 'இன்னவா', உயிரில்லாதது இருந்தால் 'தியெனவா'. தமிழில் ஆமையும் 'இருக்கு', பூட்டும் 'இருக்கு' என்று வளர்ந்தவள் நான்.

இரண்டு பஸ் மாறி, நகரத்து அலுவலகம் ஒன்றில் அரைநாள் நின்று, கண்ணாடி போட்ட களைத்துப்போன ஒரு கிளார்க்கின் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"மட்ட இப்பெக் தியெனவா, மாத்தயா."

என்னிடம் ஒரு பூட்டு இருக்கிறது, ஐயா. அதற்குப் பிறகு நாங்கள் பேசியது முழுக்கச் சிங்களத்தில். அவருடையது நல்ல சிங்களம்.

"எந்த நாட்டுது?"

"ஆப்பிரிக்கா. துரை கொண்டுவந்தது."

"பழசோ?"

"நாற்பது வருஷம் இருக்கும்."

படத்தைத் தூக்கிப் பார்த்தார். "பதினொரு இறாத்தலா! சாவி எங்கே?"

கூண்டுச் சாவியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "சாவி இல்லை. தேவையும் இல்லை."

"அப்போ எப்படித் திறக்கிறது?"

"வெயில் பட்டால் தானாகத் திறக்கும்." ('தலையை நீட்டும்' என்பதற்கு எனக்குச் சிங்களம் தெரியாது.)

பேனாவைக் கீழே வைத்தார். "தானாகவா?"

"தானாகத்தான். கை வைத்தால் மூடிக்கொள்ளும். பிறகு எங்கள் அப்பாவாலும் திறக்க முடியாது."

பக்கத்து மேசைக்காரரிடம் முன்தோற்றத்தைக் காட்டினார். "வெள்ளைக்காரன் வேலையைப் பார்த்தீரா?" என்றார். இருவரும் அந்தத் துவாரத்தை மரியாதையோடு பார்த்தார்கள்.

"சரி, உங்களுக்கு இப்போ என்ன பயம்?"

"அப்பா சட்டவிரோதமாக வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்."

பங்களாச் சாமான்களையெல்லாம் அரசாங்கம் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, தவறாக: பங்களாப் பூட்டைத் திருடியதாக அப்பாமேல் பழி வரும் என்று. அப்பாவின் பெயரையும் பிறந்த இடத்தையும் விலாசத்தையும் எழுதித் தரச் சொன்னார். படத்துக்குத் தலைப்பு எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில், ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனுஷன், கடிதத்தைத் தானே டைப் அடித்து முத்திரை குத்தித் தந்தார்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. கண்டாக்கு ஐயா லயத்து வாசலில் நின்று தமிழாக்கிப் படித்தார்.

"'மேற்படி தோட்டத்தில் பிறந்து, அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் முத்துசாமி என்பவர், முன்னாள் துரையால் அன்பளிப்புச் செய்யப்பட்ட, ஆப்பிரிக்கத் தயாரிப்பான, சாவியில்லாத..." நிறுத்தினார். மறுபடி பார்த்தார். "'...பூட்டு ஒன்றை வைத்திருப்பதில் ஆட்சேபனை இல்லை.' அடிப் பாவி மகளே! ஆமைய பூட்டாக்கிட்டியே!"

லயமே கூடிவிட்டது. கண்டாக்கு ஐயா சிரிப்பை அடக்க முடியாமல் உரலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் கடிதத்தை வாங்கி, மடித்து, கோட்டுப் பையில் வைத்தார்.

திருத்தி வாங்கத் திரும்பவும் போனேன். ஆமைக்கு வேறு அலுவலகம், கொழும்புக்கு எழுது என்றார்கள். எழுதினேன். பல மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. முதல் கேள்வியே உரிமையாளரின் பிரஜாவுரிமை இலக்கம். பிரஜாவுரிமைக்குக் குந்தகம் வரக்கூடாதென்று பர்மிட், பர்மிட்டுக்குப் பிரஜாவுரிமை. படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

ஒருவழியாக அப்பாவைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னால் நின்றேன். பிறப்புப் பதிவில் அவர் மொத்தசாமி. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் முத்தையா. விண்ணப்பத்தில் முத்துசாமி.

"இதில் நீர் யார்?" என்றார் அதிகாரி. "இந்தப் பெயரில், இங்கேதான் இருக்கிறீர் என்று காட்ட வேறு பேப்பர் ஒன்றும் இல்லையா?"

அப்பா கோட்டுப் பைக்குள் கை விட்டார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பெயர் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. பிறந்த தோட்டம், நிரந்தர வசிப்பு, அரசாங்க முத்திரை, எல்லாம் இருந்தன. கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

"அந்த இப்பா இன்னும் இருக்கிறதா?"

ஆமையை 'இன்னவா' என்று சொல்ல வேண்டும் என்பது அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். துரை பங்களாவில் பாதிப் பேர் சிங்களம் பேசுகிறவர்கள்.

"தியெனவா, மாத்தயா," என்றார் அப்பா.

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் வார இறுதியில் ஹட்டன் பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டைபோல நான் உட்கார்ந்தால், அப்பா உள்ளேயிருந்து கேட்பார்: "என்னா பாப்பா, இன்னவாவா, தியெனவாவா?"

"தியெனவா," என்பேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவருவாள்.

இன்றைய நிலை: அப்பா இந்த நாட்டுப் பிரஜை. எங்களிடம் இல்லாத பூட்டுக்கு அனுமதி உண்டு. சின்னதொரை கோவாப் பாத்தியில் இருக்கிறது, பர்மிட் இல்லாமல்.