பெண் பார்த்த இடத்தில் வாதுமைப் பருப்பு

உடம்பைத் தேற்றுவது எளிது. உடம்பு தேறியவன் வாயைக் கட்டுவதுதான் கடினம். அதற்கு நானே சான்று.

பணி ஓய்வு பெற்ற புதிதில் என் கைகால்களின் தோல், கோடையில் உத்திரமேரூர் ஏரி வெடித்துக் கிடப்பதுபோல் கிடந்தது. (சொறிஞ்சா மாவாக் கொட்டும்.) எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, நாள்தோறும் ஒரு கைப்பிடி வாதுமையோ அக்ரூட்டோ வேகவைத்த நிலக்கடலையோ உண்ணுமாறு மருத்துவர் பணித்தார். அவற்றின் நல்ல கொழுப்பும் உயிர்ச்சத்தும் தோல் வறட்சியைத் தணிக்கும், இதயத்துக்கும் நலம் என்றார். சில திங்களில் தோல் மெல்ல வழவழப்புற்றது. படியேறுகையில் மூச்சிரைப்பும் குறைந்தது. அன்றுமுதல் எதிர்ப்பட்டவர் எவரையும் சொற்பொழிவு கேளாமல் நான் போகவிட்டதில்லை.

அந்நிலையில்தான் மகன் அறிவழகனுக்குப் பெண் பார்க்க, வாலாஜாபாத்தை அடுத்த சிற்றூருக்குச் சென்றோம். அவனும் அப்பெண்ணும் ஒரே தொழிற்சாலையில் பணிபுரிபவர்கள். ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டாரையும் அரும்பாடுபட்டு இணங்கவைத்திருந்தனர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் பிடித்தால் அவ்வீட்டில் கை நனைப்போம். பிடிக்காவிடில் ஏதேனும் சாக்குச் சொல்லித் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவோம்.

பெண் வந்து வணங்கிச் சென்றாள். கேசரியும் உளுந்து வடையும் வந்தன. நான் தட்டை இரு விரலால் நகர்த்தி, "எண்ணெய்ப் பண்டம் நான் உண்பதில்லை" என்று கூறி, சட்டைப்பையிலிருந்த சிமிழைத் திறந்து, ஊறவைத்துத் தோலுரித்த வாதுமையை மெல்லலானேன். நெல் பயிரிடும் உழவரான பெண்ணின் தந்தை, ஒதுங்கிய தட்டையே நோக்கியிருந்தார். என் உரையில் ஆழ்ந்துவிட்டார் என எண்ணி, உயிர்ச்சத்துகளை மேலும் விரித்துரைத்தேன்.

அவர் உட்பக்கம் திரும்பி, "காபி போட வேணாம்மே, அவங்க கெளம்பறாங்க" என்றார்.

"ஒன்று உண்டு பாருங்கள், தோல் பளபளக்கும்" என்று சிமிழை நீட்டினேன்.

"என் தோலு நல்லாத்தான் கீது. பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போங்க ஐயா. எதுக்கு இம்மாம் சுத்தி வளைக்கிறீங்க?"

மகனின் முகம் வெளிறிற்று. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. என் துணைவியார் விலாவில் இடித்தார். "மொதல்ல அந்த வடைய வாயில போடுங்க. பேச்செல்லாம் அப்பறம்."

போட்டேன். உழவர் அசையவில்லை. இன்னொன்றும் போட்டேன். கேசரியை வழித்தேன். (நெய் முழங்கை வரைக்கும் ஒழுகுது.) "பெண்ணை எங்களுக்கு மனமாரப் பிடித்திருக்கிறது" என மொழிந்தேன்; வடையைக் கடந்து அது எவ்வடிவில் வெளிவந்ததோ அறியேன்.

"வாயில கீறத முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்றார் அவர்.

விழுங்கிவிட்டுச் சொன்னேன். அதன் பின்னரே காபி வந்தது.

திருமணம் இனிதே நடந்தது. இன்றும் பருப்பு உண்கிறேன், தோலுக்குக் குறையொன்றுமில்லை. ஆயினும் மருமகள் இரு பிள்ளைகளுக்குத் தாயான பின்னும், சம்பந்தி வீட்டு விருந்தென்றால் பந்தியே எனக்காகக் காத்திருக்கும். நான் ஒரு வடையைக் கடித்து விழுங்கியதும் அவர் எழுந்து அறிவிப்பார்:

"பெரியவரு துன்ட்டாரு. பொண்ணு புடிச்சிகீதாம். எல்லாரும் சாப்டுங்க."