தொடக் கூடாத சுவர்

கண்ணாடிக்காரர் கதவைத் தட்டினார். கதவு சத்தம் போடவில்லை; விரல்தான் வலித்தது. சரி, திறந்து பார்ப்போம் என்று குமிழில் கை வைத்தார். குமிழ் பாதி அவர் உள்ளங்கையோடு வந்துவிட்டது, நீலமாக, ஈரமாக.

"அடக் கடவுளே, இதுவும் படமா!"

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்த மனுஷன். வெளியூர்க் கிளையில் ஒரு மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். சொந்தத் தெருவில் சொந்த வீட்டைக் காணோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு யுத்தம். தெரு முழுக்க ஓவியம் வரையப் போகிறார்கள் என்றதும் மனைவி துள்ளிக் குதித்தாள். இவரோ, "நம்ம சுவத்துல ஒரு சொட்டு பெயிண்ட் படக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து போனில் அவளுக்கு "ம்" தவிர வேறு எழுத்து வாயில் வரவில்லை.

போன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"நம்ம தெருவுலதான். ஆனா வீட்டைத்தான்..."

"நான் பின்கதவுகிட்டயே நிக்கிறேன். சாயங்காலம் அவங்க கிளம்பறாங்க. எல்லா வீடும் முடிஞ்சுது, நம்மளது மட்டும்தான் பாக்கி. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம தொட மாட்டேன்னு அந்தப் பெயிண்டர் பொண்ணு சொல்லிடுச்சு. ஆமாவா, இல்லையா?"

"நல்ல பதில்தான். நேர்ல வந்து சொல்றேன்."

"நிஜமாவா?" அவள் குரல் ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய குரலாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே "சரி" சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசையாகிவிட்டது.

மனசு மாறாமல் என்ன செய்யும்? மூன்று வீட்டுச் சுவரை ஒரே திமிங்கிலம் நிறைத்திருந்தது. மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். திமிங்கிலம் கண் விழித்தது. தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஏறிய கொடி மேலே பூத்து, பூவெல்லாம் பறவையாகிப் பக்கத்து வீட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். இந்தத் தெருவிலா நான் குடியிருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஆனால் வீடு? குடிவந்த நாளிலிருந்து ஸ்கூட்டரைப் பின்சந்தில் நிறுத்திப் பின்கதவு வழியாகவே போய்வந்தவர். இன்று பார்த்து அந்தச் சந்தின் வாயை மறித்துச் சாரம் கட்டியிருந்தார்கள். கதவு எண்களையோ பெயிண்ட் விழுங்கியிருந்தது.

படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று ஒரு பிடி பிடித்த பிறகுதான் பெரியவரும் படியும் பேப்பரும் சுவரோடு சுவராக இருப்பது தெரிந்தது.

இனி ஏமாறுவதில்லை என்று முடிவு கட்டினார். அடுத்த ஜன்னலில் ஒரு பெண்மணி கன்னத்தில் கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய், ஒரு கண்ணை மூடி ஆராய்ந்தார்.

"பிரமாதம்! மூக்கைத்தான் கொஞ்சம் பெருசா போட்டுட்டாங்க."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

வெலவெலத்துப் போய் நாலு வீடு தள்ளி ஓடி மூச்சு வாங்கினார். நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே ஒரு சாம்பல் நிறச் சுவர். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் எட்டிப் பார்த்தது. ஜன்னலுக்குக் கீழே ஈரம் படர்ந்து ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் போலக் கிடந்தது. ஒற்றை ஆணியில் ஒரு தபால் பெட்டி தொங்கியது. வண்ணக் கூச்சலுக்கு நடுவே இப்படி ஒரு மௌனம்! உதிர்ந்த காரையைக்கூட இவ்வளவு பாசத்தோடு வரைய முடியுமா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாருங்க, பாருங்க!" என்று தெருவில் போனவர்களைக் கூப்பிட்டார். "அந்தத் துருவைப் பாருங்க! தொட்டா கையில ஒட்டிக்கும் போல இல்ல?"

கூட்டம் சேர்ந்தது. போட்டோ எடுத்தது.

கையில் மஞ்சள் பெயிண்ட் வாளியோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஏணி வந்தது. கண்ணாடிக்காரர் பாய்ந்து போய்க் கைகளை விரித்துச் சுவரை மறித்தார்.

"நில்லும்மா! இதுல கை வைக்கக் கூடாது!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓ... நீங்கதானா சார் அது? உங்களுக்காகத்தான் இத்தனை நாளா காத்திருந்தோம்."

கலைஞர்கள் ஒரு ரசிகனுக்காக இப்படியா ஏங்குவார்கள் என்று அவர் நெகிழ்ந்து போனார். "வந்துட்டேம்மா."

"ஒரே ஒரு பூவாவது..."

"ஒரு புள்ளிகூட வைக்காதே!"

"இதுதான் உங்க கடைசி வார்த்தையா சார்?"

"கடைசி வார்த்தை. இது இப்படியே இருக்கணும்."

கூட்டம் கை தட்டியது. அவள் வாளியை மூடினாள். ஏணி வேனில் ஏறியது, அவளும் ஏறினாள், வேன் திரும்பித் தெருமுனையைத் தாண்டி மறைந்தது. ஒரு மகத்தான படைப்பைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, முகத்திலும் நீலம் ஏறியது.

அப்போது அந்த ஓவியத்தின் ஜன்னல் திறந்தது. உள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அச்சு அசல் தன் மனைவியைப் போலவே வரைந்திருக்கிறார்களே என்று அவர் அசந்து போய் நிற்க, அது பேசியது.

"ஏங்க, நல்ல பதில்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு நம்ம வீட்டை வரையாமலே போகுது?"