நாச்சியம்மாள் கண்ணில் விழுந்த துரு

கணபதி, கோவை
20.11.1999, சனிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாலுசாமி அவர்களுக்கு,

மச்சான் சென்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரங்கம்மாளும் உங்கள் மகள் கீதாவும் உடம்புக்கு நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே தாராபுரத்தில் என் தங்கை வெங்கடம்மாளும், கரும்பும், சினை மாடும் நலமாயிருக்கப் பழனியாண்டவன் துணையிருக்கட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ‘அப்படிங்களா மச்சா’ என்பதற்குள் தங்கை ரிசீவரைப் பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், எஸ்.டி.டி. மீட்டர் ஓடும், விஷயம் ஓடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்னூர்ச் சம்பந்தம் கைநழுவிப் போய்விட்டது என்றே நினைக்கிறேன். காரணம் உங்கள் மகள் பார்க்கும் வேலை. வருகிற புதன்கிழமை நீங்கள் நேரில் வந்து, அந்த வேலையை விடச் சொல்லி, அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும்.

அது என்ன வேலை என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் ஒருத்தன் கண்ணில் தூசி விழுந்தால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். டாக்டர் தூசியை எடுத்து, நடந்ததை எழுதி வைக்கிறார். அந்த எழுத்து கடல் தாண்டி நம் அவினாசி ரோட்டுக்கு வருகிறது. கீதா அதைப் படித்து எண் போடுகிறாள். கருவிழியில் விழுந்தால் 930.0, இமைக்கு உள்ளே வெள்ளைப் பக்கம் ஒட்டியிருந்தால் 930.1, கண்ணீர் வடியும் துளையில் போய் உட்கார்ந்துகொண்டால் அதற்கு வேறு எண். தானாக விழுந்ததா, எவனாவது வேண்டுமென்றே போட்டானா, தானே போட்டுக்கொண்டானா என்பதற்கெல்லாம் தனித்தனி எண். விழுந்தது வீட்டிலா, தோட்டத்திலா, ரோட்டிலா என்பதற்கும் எண். ஒன்று பிசகினாலும் இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவானாம். நான் மதுக்கரையில் சிமெண்ட் குடோன் பார்த்துக்கொண்டிருந்தவன். தினம் கண்ணில் தூசி விழுந்தது. குழாயைத் திறந்து கழுவிக்கொண்டு மூட்டையைப் பார்க்கப் போனேன். அதற்கு ஒருத்தனும் நம்பர் போடவில்லை.

வேலை ஆபீசோடு நின்றால் பரவாயில்லை, ஊட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் ரங்கம்மாள் தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கண்ணோரம் பட்டது. உங்கள் மகள் ஓடித்தான் வந்தாள், தண்ணீரும் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே, எண்ணெய் மட்டும் பட்டதா, கடுகும் பட்டதா என்று அத்தையைக் கேட்கிறாள். இரண்டும் வேறு வேறாம். ஒன்று சூட்டுக்காயம், இன்னொன்று அன்னியப் பொருளாம். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு எப்படி மாப்பிள்ளை அன்னியப் பொருளாகும்?

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்னூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கிருபாசங்கர், அவன் அப்பா, அம்மா நாச்சியம்மாள், மூன்று பேர் மட்டும். நீங்களோ கரும்பு வெட்ட ஆள் கிடைத்த நாளை விட முடியாது, மாமன் ஊட்டில் வைத்துப் பார்த்தால் என்ன என்று சொல்லிவிட்டீர்கள். மாமனுக்கு இதைவிட என்ன பெருமை என்று நானும் தலையாட்டினேன். வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று இரும்பு கேட்டை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெயிண்ட் அடிப்பதற்குள் கார் வந்து நின்றுவிட்டது. கொண்டி இறுகிக்கொண்டது. நான் உள்ளேயிருந்து இழுக்க, அந்தம்மா வெளியேயிருந்து தள்ள, கோபத்தில் நான் ஒரு குத்து விட்டேன். கேட் திறந்தது. மேல் கம்பியில் இருந்த துரு பறந்துபோய் நாச்சியம்மாள் கண்ணில் விழுந்தது.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம். பையனின் அப்பா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ரங்கம்மாள், எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், தாய்ப்பால் ரெண்டு சொட்டு வாங்கி வருகிறேன் என்று டம்ளரோடு கிளம்பிவிட்டாள். நான் ஒருத்தன்தான் நிதானமாக இருந்தேன். மேல் இமையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று தரம் துப்பினால் தூசி போய்விடும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, அதைச் சொன்னேன். அந்தம்மாளும் வலி தாங்காமல், பட்டுச்சேலையோடு நின்று, என் வாசற்படியைப் பார்த்துத் தூ தூ தூ என்று துப்பினார்கள். அதை அடுத்த வீட்டுப் பொன்னாத்தாள் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளை, அவள் துருவைப் பார்க்கவில்லை, துப்பியதை மட்டும் பார்த்தாள். பையனின் அம்மா பெண் வீட்டு வாசலில் காறித் துப்பிப்போட்டுக் காரேறிப் போய்விட்டாளாம் என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடைக்காரர் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்கிறார்.

இதற்கு நடுவில்தான் உங்கள் மகள் வெளியே வந்தாள். கூப்பிட்ட பிறகு காபித் தட்டோடு தலைகுனிந்து வரவேண்டியவள், கூப்பிடாமலே வந்தாள், தட்டும் இல்லை, குனிவும் இல்லை. யாரும் தேய்க்கக்கூடாது என்று எல்லோரையும் விலக்கி, அந்தம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணிலிருந்து இறக்கினாள். அப்புறம் ஆரம்பித்தாள். எந்தக் கண், எப்போது விழுந்தது, இரும்பா மண்ணா, தட்டியதில் தெறித்ததா, மேலேயிருந்து உதிர்ந்ததா, இதற்கு முன் இந்தக் கண்ணில் ஏதாவது விழுந்திருக்கிறதா, இப்போது எங்கே உறுத்துகிறது. போதும் என்று நான் ஜாடை காட்டினேன். என்னை யார் பார்த்தார்கள்? கடைசியாகக் கேட்டாளே ஒரு கேள்வி.

“தானா விழுந்துச்சுங்களா, இல்ல யாராச்சு வேணும்னு போட்டாங்களாங்க?”

கொங்கு நாட்டில் பிறந்தவள், ‘ங்க’ எல்லாம் குறைவில்லாமல்தான் போட்டாள். அதைப் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் கேட்டுவிடலாமா? பையனின் அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் அப்போதும் உப்புத்தாள் இருந்தது.

நீயே எடுத்துவிடு அம்மணி என்று ரங்கம்மாள் கெஞ்சினாள். தான் எண் போடுகிறவள், எடுக்கிறவள் இல்லை, துரு கருவிழியில் இருக்கிறது, டாக்டர்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லி, அவர்கள் காரிலேயே கீதா ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் ரங்கம்மாளும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்தது. அங்கே டாக்டர் துருவை எடுத்துக் கட்டும் போட்டிருக்கிறார். அதோடு விட்டாளா? சீட்டில் ‘கண்ணில் தூசி’ என்று எழுதினால் போதாது, என்ன தூசி, எப்படி விழுந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் நின்றிருக்கிறாள். அவரும் ‘பெண்ணின் மாமா வீட்டு இரும்பு கேட்டின் துரு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதை அவளே வந்து பெருமையாக என்னிடம் சொன்னாள். அந்தச் சீட்டு இப்போது அன்னூரில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இனி எத்தனை தலைமுறை வந்தாலும் என் கேட்டைத் தெரிந்துகொள்ளும்.

கீதாவை இறக்கிவிட்டுப் போகும்போது பையனின் அப்பா, நாள் பார்த்துச் சொல்லி விடுகிறோம் என்றார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் வேறு எதைச் சொல்வார்கள்? ஒரு வாரமாகப் போன் இல்லை, ஆள் இல்லை. கீதா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாய்க்குப் போவதில்லை. கேட்டால் ஆபீசில் வேலை அதிகம் என்கிறாள். பையனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது மாப்பிள்ளை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம்பி என்னிடம் விட்டீர்கள். என் வாசலிலேயே அவள் கல்யாணம் தடுக்கி விழுந்துவிட்டது.

ஆகவே புதன்கிழமை தவறாமல் வாருங்கள். வேலையை விடும்படி நானே சொல்லியிருப்பேன், ஏன் என்று அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தங்கைக்கு என் ஆசிகள். சினை மாடு நல்லபடியாகக் கன்று போடட்டும். உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தலை கவிழ்ந்து நிற்கும் மச்சான்,
சென்னியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. நாச்சியம்மாள். நாள் பார்ப்பதாகச் சொன்னவர்கள் உண்மையிலேயே நாள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கண் கட்டைப் பிரித்த பிறகுதான் ஜோசியரிடம் போக முடிந்ததாம், அதனால்தான் இத்தனை நாளாம். நான் சந்தோஷத்தில் முந்திக்கொண்டு, கீதா இனிமேல் அந்த வேலைக்குப் போகமாட்டாள், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். உடனே அந்தம்மா சொன்னார்கள்:

“அப்படிச் செஞ்சுபோடாதீங்க. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து, உனக்கு எங்க நோவுது, எப்ப இருந்து நோவுதுன்னு இந்த ஊட்ல ஒருத்தரும் கேட்டதில்லீங்க. உங்க புள்ளதானுங்க கேட்டுச்சு.”

இந்த மாதமே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். மறுபடி எழுத எனக்குச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், நேரம் இல்லை. புதன்கிழமை வாருங்கள், கூட்டிக்கொண்டு போக அல்ல, தங்கையோடு நாள் பேசி முடிக்க. கீதாவிடம் சொன்னேன். உள்ளே போனவள், மத்தியானம் தொடாத சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

போனை வைத்த பிறகு எனக்கு என்னவோ போல் இருந்தது. ரங்கம்மாளைக் கூப்பிட்டு, உனக்கு எங்கேயாவது நோவுகிறதா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். தலையில் தொடங்கியவள் இப்போதுதான் தோள்பட்டைக்கு வந்திருக்கிறாள். நான் இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது.