கழுவிய கையை நான் தொட்ட கதை

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். உங்கள் இடுப்புவலி குறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்ததும் நீங்கள் பஸ் ஏற வேண்டும்.

உங்கள் தங்கை இந்த ஐம்பது வயதில் செவிலியர் உதவியாளர் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள் அல்லவா? சேர்ந்த அன்றிலிருந்து வீடு முழுக்கக் கிருமிதான். அதில் கண்ணுக்குத் தெரிகிற கிருமி நான் ஒருவன். கதவுக் கைப்பிடியில் கிருமி, என் மோதிரத்துக்கு அடியில் ஓர் ஊரே குடியிருக்கிறதாம். டிவி ரிமோட்டைத் துடைத்துத் துடைத்து எண்களெல்லாம் அழிந்துபோய், வாய்த்த சேனலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி கை கழுவச் சள்ளைப்பட்டு, ஒருநாள் அவளுடைய கையுறையை மாட்டிக்கொண்டேன். குப்பையைக் கொட்டினேன், செருப்பைத் துடைத்தேன், அதே கையோடு ரொட்டியையும் எடுத்தேன். "கையுறை உங்க கையைக் காப்பாத்தும், ரொட்டியை யாரு காப்பாத்துறது?" என்று பிடுங்கி எறிந்தாள். நியாயம்தான், ஆனால் நான் ஒப்புக்கொள்வேனா?

அதையெல்லாம் பொறுத்தேன் மச்சான். வினை செய்முறைத் தேர்வில் வந்தது. அதில் தேறினால்தான் வேலை. நோயாளியாகப் படுக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டுமென்று என்னை அழைத்துப் போனாள். "வாயையும் கையையும் வச்சுக்கிட்டுச் சும்மா படுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். தேர்வு நடத்தும் அம்மாள் பக்கத்தில் நிற்க, இவள் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தால் துடைத்து, இன்னொரு காகிதத்தால் குழாயை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று உதட்டுக்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்று கழுவிய அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். சற்று முன்னால்தான் மூக்கைத் தேய்த்திருந்தேன். ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! திரும்பிப் போய் முதலிலிருந்து கழுவினாள். கழுவிவிட்டு வந்து தலையணையைத் தொடுவதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று ஆசைப்பட்டாள், அதை நான் கெடுத்துவிட்டேனே என்றுதான் தாங்க முடியவில்லை. நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள்.

மூத்தவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லுங்கள், கொஞ்சம் தள்ளி நின்றே.

இப்படிக்கு,
வாயிருந்தும் பேச ஆளில்லாத
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது முடிவு வந்தது, தேறிவிட்டாள்! நேரம் போனாலும் போகட்டுமென்று திரும்பக் கழுவினாளே, அதற்காகவேதானாம். இனி வரும் தேர்வுகளுக்கும் நானே நோயாளியாகப் படுத்து, நடுவில் ஏதாவது தப்புச் செய்து பயிற்சிக்கு வருகிறவர்களைச் சோதிக்க வேண்டுமென்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். எனக்கு நடிக்க வராதே என்று புலம்பினேன். உங்கள் தங்கை அப்போதுதான் வாய் திறந்தாள்: "நடிக்கவே வேணாம். போய்ப் படுங்க, தானா வரும்."