எக்ஸ்டென்ஷன் அக்காவைத் தாண்டாத போன்

கைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஏதோ ஒரு பெயர் போட்டிருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பீளமேட்டில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு ஒருமுறை போன் செய்து, எக்ஸ்டென்ஷன் அக்காவிடம் மாட்டி, பேச நினைத்த ஆளிடம் கடைசிவரை பேசாமலே போன எவரோ ஒருவர்தான் வெறுத்துப்போய் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். அறுபது பெண்களுக்கு ஒரே போன். டயலில் குட்டியாக ஒரு பூட்டு, சாவி அக்காவின் இடுப்பில். அவர்தான் விடுதியின் மேட்ரன். போனில் வரும் எந்தச் சேதியும் அவர் வழியாகத்தான் எங்களுக்கு வரும் என்பதால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட போனை நம்பித்தான் என் முதல் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அக்கா போன் பேசும் அழகைச் சொல்லிவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் "யார் வேணும்?" என்று கேட்பது அவரைப் பொறுத்தவரை வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவதற்குச் சமம்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? அங்க மழை உண்டுங்களா? இங்க மேகம் கூடுதுங்க, அப்பறம் காத்தடிச்சுக் கொண்டுபோயிருது. எரும கன்னு போட்டுதுங்களா? கெடேரிங்களா? நல்லதாப் போச்சுங்க."

என் அறைத்தோழி சூலூர்க்காரி. அவள் வீட்டு எருமை கன்று போட்ட சேதி அவளுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஆண் குரல் வந்தால் விசாரணை வேறு மாதிரி இருக்கும். "அண்ணனுங்களா? சந்தோசமுங்க. தங்கச்சிக்குக் காது குத்துனது எந்தக் கோயிலுங்க?" எதிர்முனையில் சத்தமில்லாமல் போன் வைக்கப்படும். போலி அண்ணன்கள் தோற்றது நியாயம். என் சொந்த அண்ணனே தோற்று, ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான்.

கார்ட்லெஸ் போன் வந்தபோது எங்களுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தோம். அறைக்கே எடுத்துப் போய்ப் பேசலாம் அல்லவா? அக்கா அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தார். முன்பாவது போன் ஒரே இடத்தில் இருந்தது. இப்போது அதையும் அவரையும் மாடி மாடியாகத் தேட வேண்டியதாயிற்று.

இந்த லட்சணத்தில் எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அப்பா சரி என்றால்தான் போக முடியும். கொடுமுடியில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழுதுவிடுவார்கள்; அந்த நிலையிலிருந்து எஸ்.டி.டி. பூத் வரைக்கும் முன்னேறியிருந்தோம். சனிக்கிழமை காலை பூத்திலிருந்து பதில் சொல்கிறேன் என்று அப்பா கடிதம் போட்டிருந்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடினாலே அவருக்கு வியர்த்துவிடும். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அக்கா எடுத்தார். மழையில் ஆரம்பித்து மஞ்சள் காட்டுக்குப் போய், அம்மாவின் முழங்கால் வலிக்கு வந்தபோது லைன் கட்டாகிவிட்டது. நான் தலையில் கை வைத்தேன்.

"சித்தெ இருங்க கண்ணு, மறுக்கா கூப்புடுவாரு" என்றார் அக்கா.

மறுபடி அடித்தது. "முழங்காலுக்கு என்ன தைலமுங்க தேய்க்கறாங்க?" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் கும்பிட்டேன், கடிகாரத்தைக் காட்டினேன், புடவையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். மறுபடி கட்.

மூன்றாவது முறை அடித்தபோது மணி பதினொன்றே முக்கால். இந்தத் தடவை அக்கா பேசவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "ம்... ம்... சரிங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கப்பா போகச் சொல்லிப்போட்டாருங்க அம்மணி."

வெளியே பேசுவதற்கென்று வைத்திருந்த பழைய டயல் போனின் பூட்டைத் திறந்து அவரே புனே எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா திருநீறு பூசி, புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்கூட, கதவு திறந்திருக்கிறது என்று எனக்குச் செய்தி அனுப்புகிறது. அப்பா தினமும் வீடியோ காலில் வருகிறார். பாதி நெற்றியும் சீலிங் ஃபேனும் தெரியும். போன மாதம் அந்த நெற்றி சாவகாசமாக ஒரு சேதி சொன்னது.

"அன்னைக்கு நான் வேண்டாம்னுதான் கண்ணு சொன்னேன். உன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. அந்தம்மாவையே சொல்லிப்போடச் சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எப்படிப்பா விட்டீங்க?"

"மக்யா நாள் ஞாயித்துக்கெழம. காலைல எட்டு மணிக்கு அந்தம்மாவே நம்ம ஊட்டுக்கு வந்துட்டாங்க. மழையில ஆரம்பிச்சாங்க. பொழுதோட நாலு மணி ஆயிப்போச்சு. போதுமுங்க, புள்ள போகட்டும்னு சொல்லிப்போட்டேன்."

அன்றைக்கு அப்பா கையில் ஒரு கைபேசி இருந்திருந்தால், யாரிடமும் பேச வேண்டிய அவசியமில்லாமல் "வேண்டாம்" என்று நான்கு எழுத்தைத் தட்டிவிட்டிருப்பார். நானும் சரி என்று ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அழுதுகொண்டே ஊருக்குப் போயிருப்பேன்.

அக்கா இப்போது வெள்ளகோவிலில் தம்பி வீட்டில் இருக்கிறார். உடனே கூப்பிட்டேன். எங்கள் வீட்டு ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக நலம் விசாரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு, வேண்டாம்னு என்ற வாயில வல்லீங்க கண்ணு. பொய் சொல்லிப்போட்டேன். நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள அத நெசமாக்கிப் போடோணுமில்லீங்களா? அதான் மொத பஸ்ஸப் புடிச்சேன்."

மாதத்தில் அவருக்கு இருந்த ஒரே விடுமுறை அந்த ஞாயிறுதான். நாள் பூராவும் பேசிக்கொண்டே இருந்த மனுஷி இதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை. அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த வசதி இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை.