சத்துதானே, சாப்பிடு!

உலகத்தில் நோயாளி, வைத்தியர் என்று இரண்டே இனம்தான் உண்டென்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதுதான் சத்துமாத்திரை சிபாரிசுக்காரர். சீட்டு எழுதித் தரமாட்டார். எழுதினால் பொறுப்பு வந்துவிடும். எல்லாம் வாய்வழிதான். வியர்வையைத் துடைக்க யாராவது நெற்றியில் கைவைத்தால்கூடப் போதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டிப் பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி மோகனராஜ். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கணினிச் சில்லுகளில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறார்; மனிதர்களில் குறை கண்டுபிடிப்பதை இலவசமாகவே செய்கிறார். அவர் பையில் சாப்பாட்டை விட மாத்திரை டப்பாக்கள்தான் அதிகம். ஒற்றைத் தலைவலி என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷன். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அன்று அவருக்குக் கிடைத்தவள் அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரூபினி. வெகுகாலமாக ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுபவள். வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வேறு. எத்தனையோ வருடம் காத்திருந்து, லைன் லீடர் பதவிக்கான நேர்காணல் மறுநாள்தான் வாய்த்திருந்தது.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"மெக்னீசியம் தினம் ஒண்ணு போடச் சொன்னாரு அண்ணே. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். வலி வந்தா போட வேற மாத்திரை குடுத்திருக்காரு."

"மூணு மாசமா? இன்டர்வியூ நாளைக்கு லா!"

"அதான் அண்ணே பயமா இருக்கு."

மோகனராஜுக்கு மனசு கேட்கவில்லை. உற்பத்தி பின்தங்கினால் தொழிற்சாலையில் என்ன செய்கிறோம்? ஓவர்டைம் பார்க்கிறோம். உடம்புக்கு மட்டும் அது பொருந்தாதா என்ன? மூன்று மாதத்தில் சேரவேண்டிய சத்தை ஒரே ராத்திரியில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. இந்தச் சின்ன விஷயம் படித்த டாக்டருக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. மெக்னீசியம் டப்பாவைத் திறந்து அவள் கை நிறையக் கொட்டினார்.

"ராத்திரி பாதி, காலையில மீதி."

"இவ்ளோவா அண்ணே?"

"மருந்தா இருந்தாதான் பயப்படணும். இது சத்து. அதிகமானா உடம்பே வெளிய தள்ளிரும்."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் முழு உண்மை.

மறுநாள் உடம்பு வெளியே தள்ள முடிவெடுத்தபோது பேருந்து பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில், காலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. கீழே கடல், முன்னும் பின்னும் லாரி. ரூபினி முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். போதாக்குறைக்குத் தலையின் இடது பக்கம் வேறு விண்விண்ணென்று தொடங்கியது. தொழிற்சாலைக்கு வந்ததும் நேர்காணல் அறையைத் தாண்டிக் கழிவறைக்கு ஓடினாள். அவள் தள்ளாடித் திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. பாவம், அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மோகனராஜ் ஆறுதல் சொன்னார். "கழிவெல்லாம் வெளியாயிருச்சும்மா. நல்ல அறிகுறி."

இது நடந்து சில வாரங்களில் மோகனராஜுக்கே, வாழ்க்கையில் முதல் தடவையாக, தலை வலித்தது. என்ன மாத்திரை சாப்பிட்டிருப்பார்? ஒன்றும் சாப்பிடவில்லை. நேரே கிளினிக்குக்குத்தான் ஓடினார். போன அவசரத்தில் டாக்டர் அறைக் கதவைக்கூடச் சரியாகச் சாத்தவில்லை.

"சத்து மாத்திரை ஏதாச்சும் எடுக்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சேச்சே! டாக்டரக் கேக்காம நான் எதையும் வாயில வைக்கமாட்டேன். உடம்பு லா டாக்டர், விளையாட்டா?"

வெளியே, தன் முறைக்காகக் காத்திருந்த ரூபினி நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வந்த மோகனராஜ் அவளைக் கண்டதும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "இன்னுமா வலிக்குது? அப்போ டோஸ் பத்தல" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ரூபினிக்குத் தலைவலி என்று படித்ததுமே, "ஐயோ, அந்தப் பொண்ணு இஞ்சிச் சாறு குடிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?