துப்பாக்கியோடு பட்டெடுக்கப் போனவர்

நம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேனியிலிருந்து கம்பம் போகிற வழியில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒருவராவது தட்டுப்படுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் ரெட்டைக்குழல் துப்பாக்கி. போலீஸ்காரர் இல்லை. பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. வேட்டைக்காரர் நிச்சயமாக இல்லை. லைசென்ஸ்காரர்.

லைசென்ஸ் எதற்கு வாங்கினார்? காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற. பன்றி இருப்பது சுருளிப்பட்டித் தோட்டத்தில். துப்பாக்கி இருப்பது டவுன் காபிக்கடையில். இரண்டும் இன்றுவரை சந்தித்ததில்லை. இவரிடம் துப்பாக்கி இருக்கிற சங்கதி தேனி பஜாரில் எல்லோருக்கும் தெரியும், பன்றிகளுக்கு மட்டும்தான் தெரியாது.

காபிக்கடைக்குள் அவர் நுழைகிற முறையே தனி. முதலில் குழல் வரும், பிறகு வயிறு வரும், அதன் பிறகு நான்கு பேர் உட்காரும் மேசையில் துப்பாக்கியைக் குறுக்கே கிடத்திவிட்டு, வேட்டியை ஒதுக்கி, நாற்காலியை இழுத்து, கடையில் இருக்கிற ஒவ்வொருவரும் பார்த்துவிட்டார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்து, பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஒரு ஆளுக்காக லேசாக இருமி, அவரும் தலை தூக்கிய பிறகுதான் காபி சொல்வார். எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். அதை மரியாதை என்று அவர் நினைக்கிறார்.

பிறகு, யாரும் கேட்காமலே, "பயப்படாதீக. லாக் போட்டிருக்கு" என்பார்.

பயப்படாதவர்களும் அப்போதிலிருந்து பயப்படத் தொடங்குவார்கள்.

முடிவெட்டும் கடையில் போர்த்துகிற துணிக்குள் துப்பாக்கியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். டாக்டர் மூச்சை இழுத்து விடச் சொன்னால், துப்பாக்கியைக் கழற்றாமலே இழுத்து விடுவார். ஏன் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "எதிரிக இருக்காக" என்பார். விசாரித்துப் பார்த்தால் ஒரே ஓர் எதிரிதான். வரப்புத் தகராறில் முகம் முறித்துக்கொண்ட மச்சினன். போடியில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர். பேங்க் வாசலில் நிற்கிற காவலாளி மட்டும் நம்மவரைக் கண்டால் சிநேகமாகச் சிரிப்பார். தொழில் பாசம்.

இவர்களைத் தேர்தல் காலத்தில் பார்க்க வேண்டும். துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடச் சொல்லிவிடுவார்கள். ஒப்படைத்துவிட்டு வந்தவர் வீதியில் ஓரமாக நடப்பார். வலது கை மட்டும் பழக்கத்தில் நெஞ்சுக்கு மேலே போய், இல்லாத வாரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தில் ஒருவரைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். உத்தமபாளையம் பொன்னுராஜ். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம், ஒரு கார், அதற்கு டிரைவர், ஜோதிலட்சுமி என்று ஒரு மனைவி, சிம்ரன் என்று ஒரே மகள். சிம்ரனுக்குப் போடியில் சம்பந்தம் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வீட்டாரும் முகூர்த்தப் பட்டு எடுக்கத் தேனிக்கு வந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பொன்னுராஜ் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதை விரித்து முதன்முதலாகப் பெண்ணின் தோளில் போடுவது பெண்ணைப் பெற்ற அப்பன். மற்றவர்கள் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜோதிலட்சுமிக்கு அவளுடைய அப்பா போட்டார். சிம்ரனுக்குத் தான் போடப்போவதைப் பற்றி, அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து பொன்னுராஜ் சொல்லி வந்திருக்கிறார். அரக்கு நிறம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார். வீட்டில் கிளம்பும்போது, "அப்பா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் அத வச்சிட்டு வாங்கப்பா" என்று சிம்ரன் கேட்டாள். பொன்னுராஜ் சிரித்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் துப்பாக்கி இல்லாமல் போய் நிற்பதா? இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது?

அவர்கள் போனது ஜெஸ்லின் கடைக்கு. அவளுடைய அப்பா செல்வின் நடத்திய ஜவுளிக்கடை, இப்போது அவள் நடத்துகிறாள். வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை விரித்து, ஆட்கள் தரையில் உட்கார்ந்து துணி பார்க்கிற பழைய மாதிரிக் கடை. அதனால் செருப்பை வாசல்படியிலேயே விட்டுவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு மேலே பலகை இருக்கிறது: காலணிகளை வெளியே விடவும். அதன் கீழே புதுப் பெயிண்டில் இன்னொரு வரி: துப்பாக்கியையும்.

அந்த இரண்டாவது வரியை எழுத வைத்தவர் பொன்னுராஜ்தான். போன தீபாவளிக்கு வந்தபோது துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அது சரிந்து, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. "லாக் போட்டிருக்கு" என்றார். அந்தப் பெண் எடுத்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள். அவளுடைய தெருவிலிருந்து அதன் பிறகு யாரும் கடைக்கு வரவில்லை.

பொன்னுராஜ் பலகையைப் படித்தார். தனக்கில்லை என்று நினைத்தார். பலகைகளைப் பற்றி இந்த இனத்தின் பொதுவான கருத்து இதுதான்.

ஜெஸ்லின் எழுந்து வந்தாள். "வாங்கண்ணாச்சி, வாங்கக்கா, வாம்மா கல்யாணப் பொண்ணு. உள்ள வாங்க எல்லாரும். அண்ணாச்சி, அது மட்டும் வெளிய."

"எது?"

"தோள்ல கெடக்குறது."

"லைசென்ஸ் உள்ளது தாயி."

"கடைக்கும் லைசென்ஸ் இருக்குண்ணாச்சி."

பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தார். ஜெஸ்லின் நகரவில்லை. கல்யாணச் சீசனில் இரண்டு வீட்டுத் துணியும் ஒரே கடையில் எடுக்க வந்தவர்கள். திரும்பிப் போய்விட்டால் இழப்பு அவளுக்குத்தான். அது அவளுக்கும் தெரியும், பொன்னுராஜுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவர் குரல் உயர்ந்தது.

"கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. என்னையத் தடுக்க நீ யாரு?"

"கலெக்டர் ஒங்களத் துப்பாக்கி வச்சிக்கிரச் சொன்னாக. என் கடைக்குள்ள வச்சிக்கிரச் சொல்லலயே?" ஜெஸ்லின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள். "சுருளி அருவிக்குப் போனப்ப ஒங்க தோட்டத்துல புள்ளைகளுக்குத் தண்ணி கேட்டோம். அன்னியர் உள்ளே வரத் தடைன்னு போர்டு வச்சிருந்தீக. வெளியவே நில்லுன்னீக. நின்னோமா இல்லையா? அது ஒங்க எடம். இது எங்க எடம்."

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தப் போர்டு தப்பு என்று சொல்ல வேண்டும். பொன்னுராஜ் சம்பந்தி பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் அம்மா சண்முகத்தாய்.

"வாங்க சம்பந்தி. ஊர்ல கடையா இல்ல? வேற எடத்துக்குப் போவோம்."

சண்முகத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு எப்போதோ உள்ளே போய் மெத்தையில் காலை நீட்டியிருந்தார். "முட்டுவலிண்ணே. ஒக்காந்தா எந்திரிக்க நாழியாகும். ராகுகாலம் வேற வருது. அதக் கார்ல வச்சிட்டு வாங்களேன்."

"கார்ல வைக்கப்படாது. களவு போச்சுன்னா லைசென்ஸ் போயிரும்."

"டிரைவர்ட்ட குடுங்க."

"லைசென்ஸ் இல்லாத ஆளு தொடப்படாது. ஜெயிலு."

"அம்புட்டுச் சட்டம் இருக்குறதுக்கு வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாமேண்ணே?"

அதற்கு மட்டும் ஒரு சட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நீங்க பாருங்க. நான் இங்கன இருக்கேன்" என்றார் பொன்னுராஜ். அவமானத்தை விட்டுக்கொடுத்தலாக மாற்றிச் சொல்வது இந்த இனத்துக்குக் கைவந்த கலை. கதவு சாத்திக்கொண்டது. வாசல்படியில் செருப்புகளும் அவரும் இருந்தார்கள்.

இரண்டு தடவை மீசையைத் தடவினார். துப்பாக்கியைச் செங்குத்தாக ஊன்றிப் படியில் உட்கார்ந்தார். பஜாரில் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு, ஒரு கடை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரை இந்த நாட்டில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பைக்கில் வந்தவன்தான் முதலில் சொன்னான். "வாச்மேன் அண்ணே, வண்டிய இங்கன விடலாமா?"

பொன்னுராஜ் முறைத்தார். அவன் அதையும் வாச்மேனின் முறைப்பு என்று எடுத்துக்கொண்டு வண்டியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினான்.

பிறகு ஒரு அம்மா வந்தார். செருப்பைக் கழற்றி மற்ற செருப்புகளோடு விடாமல் பொன்னுராஜின் காலடியில் கொண்டுவந்து வைத்தார். "புதுச்செருப்புய்யா. கண்ணு வச்சிக்க. போன தடவ கோயில்ல தூக்கிட்டாக."

"ஏத்தா, யாருன்னு நெனச்ச என்னைய..." என்று பொன்னுராஜ் ஆரம்பிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

உள்ளே பட்டுகளை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நல்ல வெயில். முகத்தை ஒட்டி வைத்தால்தான் உள்ளே தெரிந்தது. கொஞ்சம் விலகினால் அவருடைய உருவமும் துப்பாக்கியும்தான் தெரிந்தன. ஒட்டி வைத்துப் பார்த்தார். சிம்ரன் ஒவ்வொரு சேலைக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிலட்சுமி வெளியே வந்தாள். "இந்தாங்க, எடுத்தாச்சு. கத்திரிப்பூக் கலரு. நேரம் நெருங்குதுன்னு சம்பந்தியம்மா பறக்குறாக. வந்து புள்ள தோள்ல போடுங்க."

"அரக்குல எடுக்கச் சொன்னேன்ல?"

"நீங்க உள்ள இருந்து சொல்லியிருக்கணும். கார் அந்தா நிக்குது. டிரைவர் தம்பி சும்மாதான ஒக்காந்திருக்கு? குடுத்துட்டு வாங்க."

"சட்டம் தெரியாமப் பேசாத. அடுத்தவன் கையில குடுக்கப்படாது."

"வீரபாண்டி கோயிலுக்குப் போனப்ப அதே தம்பிகிட்டதான குடுத்துட்டு உள்ள வந்தீக?"

பொன்னுராஜ் தெருவைப் பார்த்தார். "அது சாமி."

"அப்ப சாமிக்குன்னா தோள விட்டு எறங்கும். பெத்த புள்ளைக்கு எறங்காது."

இத்தனை வருஷத்தில் ஜோதிலட்சுமி அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. காலியான படியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கார் கூப்பிடுகிற தூரத்தில்தான் நின்றது. எழுந்து போய், கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரமாகும்? பொன்னுராஜ் எழுந்தார். எழுந்தும் விட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே ஜெஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். கழற்றிவிட்டுப் போனால் அவள் சொன்னதைக் கேட்டதாகிவிடாதா? சாமி சொல்லிக் கழற்றலாம். ஜவுளிக்கடைக்காரி சொல்லிக் கழற்றலாமா? அவர் நின்றுகொண்டு யோசித்தார். வலது கை வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

உள்ளே, "நேரம் போகுது, நானே போடுறேன்" என்று சண்முகத்தாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கத்திரிப்பூப் பட்டு விரிந்து சிம்ரனின் தோளில் விழுந்தது. சிம்ரன் இந்தத் தடவை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொன்னுராஜ் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். கண்ணாடியில் துப்பாக்கி தெரிந்தது.

புதுச்செருப்புக்கார அம்மா துணிப்பையோடு வெளியே வந்தார். காலை நுழைத்துப் பார்த்து, திருப்தியாகி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாயை எடுத்தார். பொன்னுராஜின் இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்ததால் அவருடைய சட்டைப் பையிலேயே செருகினார்.

"டீ குடிச்சிக்கய்யா. வெயில்ல நிக்குற."

இப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். என்ன செய்வது, இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் அப்படியில்லை. உங்களிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கித் தந்தாலும் எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. ஒரு கடைக்குள், ஒரு கல்யாண வீட்டுக்குள், வரிசை நிற்கிற ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நீங்கள் உங்களுக்கு முன்னால் எதை அனுப்புகிறீர்கள்? காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரையா? "நான் யாரு தெரியுமா" என்பதையா? சித்தப்பா டி.எஸ்.பி.யாக இருப்பதையா? சாதியையா? மேசை மேல் சத்தம் கேட்கும்படி வைக்கிற அந்தப் பெரிய செல்போனையா? அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் யாராவது ஒரு நாள் குறுக்கே வந்து, "அது மட்டும் வெளிய" என்று சொல்லாமலா போய்விடுவார்? அன்றைக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவீர்களா, அல்லது செருப்புகளுக்குக் காவல் இருப்பீர்களா?

பதில் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கிற இந்த நேரத்தில் உங்கள் வலது கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.